சண்முகவடிவு எழுதாத ஆய்வேடு

சண்முகவடிவு ஒரு வரிகூட எழுதாமலேயே டாக்டர் ஆகிவிட்டாள்.

பல்கலைக்கழகக் கேன்டீனில் தோசைக்கு நின்றுகொண்டிருந்தபோது கைப்பேசியில் அந்த வாழ்த்து வந்தது. சட்டமும் அரசியல் தத்துவமும் துறையில் அவளுடைய முனைவர் பட்ட ஆய்வேடு ஏற்கப்பட்டதாம். தலைப்பு அவள் கொடுத்ததுதான்: 'கேட்கப்படும் உரிமை'. சேர்ந்து ஒன்றரை வருடமாகிறது. இதுவரை அவள் செய்ததெல்லாம் படித்தது, குறித்தது, குறித்ததை அடித்தது, விடுதி மொட்டைமாடியில் நடந்துகொண்டே தனக்குத்தானே வாதாடியது. யாருக்கோ போக வேண்டிய வாழ்த்து தன்னிடம் வந்துவிட்டது என்று நினைத்து, தோசையை அப்படியே விட்டுவிட்டு நெறியாளர் அருமைநாயகத்தின் அறைக்குப் போனாள்.

அவர் நாற்காலியை விட்டு எழுந்து கைகுலுக்கினார். அவளுக்கு அது இன்னும் கலக்கமாக இருந்தது. அவர் யாருக்கும் எழுந்து நிற்கிறவரல்ல.

"சார், நான் இன்னும் முதல் அத்தியாயமே ஆரம்பிக்கல."

"தெரியும்மா. உன் நிகர்மனம் எழுதிடுச்சு."

நிகர்மனம் அப்போது யாருக்கும் புதிதில்லை. ஒருவர் பேசியது, படித்தது, வாங்கியது, எந்தப் பக்கத்தில் நின்று யோசித்தார், எந்தப் படத்தைப் பாதியில் அணைத்தார் என்று எல்லாவற்றையும் சேர்த்து, அவரைப் போலவே யோசித்துப் பதில் சொல்லும் மென்பொருள் அது. முதலில் ஆஸ்பத்திரிகளில்தான் வந்தது. மயக்கத்தில் கிடப்பவரிடம் அறுவைக்குச் சம்மதம் கேட்க முடியாதல்லவா? அவருடைய நிகர்மனத்திடம் கேட்டார்கள். நிறையப் பேர் பிழைத்தார்கள். போகப் போக, விழித்திருப்பவர்களிடம் கேட்பதற்கும் யாருக்கும் நேரமில்லாமல் போயிற்று. வங்கிகள் அதனிடம் கேட்டன, பிறகு பள்ளிகள், பிறகு அரசு. அதிகாரிகள் வாயில் அது நிகர்மனம். ஜனங்கள் டூப்பு என்றார்கள்.

"இந்த வருஷம் புது விதிம்மா," என்றார் அருமைநாயகம். "ஆய்வு மாணவர் எந்த முடிவுக்கு வருவார்னு நிகர்மனத்தால சொல்ல முடியும்னா, அவர் அஞ்சு வருஷம் உக்காந்து அதே முடிவுக்கு வர்றதுக்கு எதுக்கு உதவித்தொகை குடுக்கணும்னு மேல கேக்குறாங்க. நிகர்மனத்தப் பயன்படுத்தலாம்னு நீ சேரும்போதே சம்மதிச்சதுதான். படிச்சுப் பாரு. நல்லா வந்திருக்கு. நானே ரெண்டு தடவ படிச்சேன்."

அவள் அறைக்குப் போய்ப் படித்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவில்லை. வேதனை என்னவென்றால், அது உண்மையிலேயே நன்றாக இருந்தது. நீளமான வாக்கியத்துக்குப் பின் சின்னதாக ஒன்றை வெட்டிப் போடுவது அவளுடைய பழக்கம். அது அப்படியே இருந்தது. அவள் விரும்பும் உதாரணங்கள், அவளுக்கு எரிச்சலூட்டும் எதிர்வாதங்கள், அவளுடைய கிண்டல். முடிவு இதுதான்: ஒருவர் என்ன சொல்வார் என்பது ஐயமின்றித் தெரிந்துவிட்டால், பிறகும் அவரைக் கேட்பது மரியாதை அல்ல, சடங்கு. அவருடைய விருப்பத்தின்படி நடப்பதுதான் மரியாதை.

இதைப் படித்துவிட்டு 'பொய்' என்று கத்த அவளுக்கு ஆசையாக இருந்தது. கத்த முடியவில்லை. சில மாதங்களாக மொட்டைமாடியில் நடந்து நடந்து அவள் வந்துகொண்டிருந்ததும் ஏறக்குறைய அந்த இடத்துக்குத்தான். கேட்பதில் என்ன இருக்கிறது, விருப்பம் நிறைவேறினால் போதாதா என்ற கேள்விக்கு அவளிடம் பதில் தீர்ந்துபோயிருந்தது. டூப்பு அவளுக்கு முன்னால் ஓடிப்போய் அங்கே உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான்.

உதவிப் பேராசிரியர் வேலைக்கு அழைப்பு அடுத்த வாரமே வந்தது. அம்மா தெருவுக்கெல்லாம் லட்டு கொடுத்தாள். வடிவு பேசாமல் இருந்துவிட்டாள்.

அப்படியே இருந்திருப்பாள். இசக்கியம்மாள் வராமலிருந்தால்.

இசக்கியும் வடிவும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. இசக்கி பன்னிரண்டாவது முடித்ததும் தூத்துக்குடிக்குத் தெற்கே கீழவாடியில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் சின்ன ஊர். அங்கே நாலு மெஷின் போட்டுத் தையல்கடை வைத்திருந்தாள். வருடத்துக்கு ஒருமுறை போனில் பேசிக்கொள்வதோடு சரி. ஒருநாள் முன்னறிவிப்பில்லாமல் விடுதி வரவேற்பறையில் வந்து நின்றாள். வடிவு கட்டிக்கொள்ளப் போனபோது ஒரு கையால் தடுத்தாள்.

"ஏட்டி, டாக்டர் சண்முகவடிவுன்னா நீதானே?"

"ஆமா. என்னட்டி இப்படிக் கேக்க?"

"எங்கூர இடிக்கப் போறாவ. சரக்கு ரயில் பாதைக்கு. ஊர்க்கூட்டமே போடாம எப்படிய்யா உத்தரவு வந்துச்சுன்னு தாசில்தார்ட்ட போய்க் கேட்டோம். ஒங்க எல்லாரோட டூப்புட்டயும் கேட்டாச்சு, பத்துக்கு ஒம்பது பேரு சம்மதம்னு சொல்லிட்டுங்கார். அது எப்படிச் செல்லும்னு கேட்டா, ஒம் பேரக் காட்டுதார். டாக்டர் சண்முகவடிவு ஆராய்ச்சி பண்ணிச் சொல்லிட்டாங்க, ஆள நேர்ல கேக்க வேண்டிய அவசியமே இல்லயாம்."

வடிவு நடந்ததைச் சொன்னாள். தான் எழுதவில்லை, தன் டூப்பு எழுதியது என்றாள். சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமான சமாதானம் என்று அவளுக்குப் பட்டது.

"ஒன் டூப்பு என்ன சொல்லிச்சாம்?" என்று கேட்டாள், பேச்சை மாற்ற.

"சம்மதம்னு."

"உண்மையிலயே ஒன்ட்ட கேட்டிருந்தா?"

இசக்கி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "சம்மதம்னுதான் சொல்லிருப்பேன். கெணறெல்லாம் உப்பாயிட்டு. துணி நனைக்கக்கூட வெலைக்குத் தண்ணி. போற எடத்துல கொழாய் இருக்குன்னாவ."

"அப்புறம் எதுக்குட்டி இவ்வளவு கோவம்?"

இசக்கி சட்டென்று வேறு எதையோ சொல்ல ஆரம்பித்தாள். "என்னப் பொண்ணு பாக்க வந்தாவல்லா? அவரு உள்ள வரும்போதே எனக்குப் பிடிச்சுப்போச்சு. கதவிடுக்குல பாத்துக்கிட்டு நின்னேன். யாராவது வந்து, ஏ இசக்கி ஒனக்குச் சம்மதமான்னு கேப்பாவ, வெக்கப்பட்டுக்கிட்டு ஆமான்னு சொல்லணும்னு நெனச்சுக்கிட்டு நிக்கேன். ஒருத்தரும் வரல. தட்டு மாத்திட்டாவ. அவளுக்குப் பிடிக்காம இருக்குமான்னு எங்கப்பா சொன்னது காதுல விழுது. எங்கப்பா சொன்னது சரிதான்ட்டி. பிடிச்சுத்தான் இருந்துச்சு. இன்னைக்கும் பிடிக்கும். ஆனா அது உள்ள முள்ளு மாதிரி கெடக்கு. நான் ஆமான்னு சொல்லவே இல்லையே."

வடிவு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்த முறை இசக்கி தடுக்கவில்லை. ஒரே பெஞ்சில் ஏழு வருடம் உட்கார்ந்தவள், கல்யாணத்தில் முன்வரிசையில் நின்றவள், இதை இத்தனை காலம் அறியாமலிருந்திருக்கிறாள். படித்த புத்தகங்களில் ஒன்றில்கூட அந்த முள் இல்லை. கேட்பதில் என்ன இருக்கிறது என்ற தன் கேள்விக்கு, கேட்கப்படாத ஒருத்தி பதில் வைத்திருந்தாள்.

மறுநாள் காலை அவள் அருமைநாயகத்தின் அறைக்குப் போய், ஆய்வேட்டைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கோவத்துல பேசாத. அந்த முடிவு தப்புன்னு சொல்றியா?"

"தப்பு சார்."

"எப்போதிருந்து?"

"நேத்துலேர்ந்து."

"நேத்து என்ன நடந்துச்சு?"

"ஒரு ஃப்ரெண்டு வந்தா. பேசினோம்."

"அது நிகர்மனத்தோட தரவுல இல்லம்மா."

"அதத்தான் சார் நானும் சொல்லுதேன். நாளைக்கு யாரு வந்து என்ட்ட என்ன பேசுவான்னு அதுல எப்படி இருக்கும்?"

அவர் கெட்டவரல்ல. அவளுக்காகத்தான் பயந்தார். பட்டம் போகும், வேலை போகும், துறை இனி உன்னைச் சேர்க்காது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். "நான் இதே துறையில முப்பது வருஷமா இருக்கேன். மேல இருக்கவங்க கேக்குறத எல்லாம் எதிர்த்திருந்தா, இந்தத் துறையே இருந்திருக்காது."

"இப்ப இருக்கா சார்?" என்றாள் வடிவு.

கேட்டிருக்கக் கூடாதோ என்று வெளியே வந்த பிறகு நினைத்தாள். ஆனால் திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்கவில்லை.

ஆய்வுக்கு வருமுன் அவள் சட்டம் படித்து வழக்கறிஞராகப் பதிவு செய்திருந்தாள். ஒருநாளும் வாதாடியதில்லை. பெட்டியின் அடியில் மடித்துக் கிடந்த கறுப்பு அங்கியைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, கீழவாடிக்காரர்கள் சார்பில் நிலத் தீர்ப்பாயத்தில் மறுஆய்வு மனு போட்டாள். கேட்டிருந்தால் இசக்கி சம்மதம் என்றுதான் சொல்லியிருப்பாள் என்பதையும் மறைக்காமல் அதில் எழுதினாள். ஊரில் பாதிப்பேருக்கு அவள் மேல் நம்பிக்கை இல்லை. 'ஊர இடிக்கச் சொன்னதும் இந்தப் பொண்ணு, காப்பாத்துதேன்னு வாரதும் இந்தப் பொண்ணா?' என்று அவள் காதுபடவே பேசினார்கள். அவர்கள் கேட்டதில் தவறில்லை.

விசாரணை நாளில் மண்டபம் நிறைந்திருந்தது. நீதிபதி ஜமீலா, அறுபதை நெருங்கியவர், யார் பேசினாலும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பவர். அரசு வழக்கறிஞர் செம்பியன் எழுந்து, தங்கள் தரப்பில் ஒரே ஒரு நிபுணரை அழைப்பதாகச் சொன்னார். "முனைவர் சண்முகவடிவின் நிகர்மனம்."

மண்டபத்தில் சிரிப்பெழுந்தது. மேஜை மேல் வைத்திருந்த சின்ன ஒலிபெருக்கியிலிருந்து வடிவின் குரல் வந்தது. "வந்து..." என்று தொடங்கி ஒரு நொடி நிறுத்தியது. அவள் பேச ஆரம்பிக்கும்போது எப்போதும் செய்வது.

செம்பியன் கேட்டதற்கெல்லாம் அது நிதானமாக, அழகாகப் பதில் சொன்னது. ஊர்மக்களின் விருப்பம் ஐயமின்றித் தெரியும். அந்த விருப்பத்தின்படியே அரசு நடந்திருக்கிறது. இதில் யாருடைய உரிமையும் பறிபோகவில்லை. வரிசையில் நிற்கும் சிரமமும், ஊர்க்கூட்டத்தில் பெரிய வாய் உள்ளவன் சின்ன வாய் உள்ளவனை அமுக்கும் அநியாயமும்தான் போயிருக்கிறது.

குறுக்கு விசாரணைக்கு வடிவு எழுந்தாள். 'நீங்கள்' என்று ஆரம்பித்தாள். வாயில் வரவில்லை.

"நீ," என்றாள். "இசக்கியம்மாளத் தெரியுமா?"

"தெரியும். ஆறாம் வகுப்பிலிருந்து என் தோழி. கணக்குப் பரீட்சையில் என் தாளைப் பார்த்து எழுதுவாள்."

மண்டபம் சிரித்தது. இசக்கியும் சிரித்துவிட்டாள்.

வடிவு திரும்பி, மெல்லிய குரலில் அவளிடம் கேட்டாள்: "ஒங் கல்யாண விஷயத்த இங்க சொல்லலாமாட்டி?"

இசக்கி சுற்றிலும் பார்த்தாள். அவள் கணவனும் அங்கேதான் உட்கார்ந்திருந்தான். சரி என்று தலையை ஆட்டினாள்.

"அவ கல்யாணத்துல அவகிட்ட யாரும் சம்மதம் கேக்கல. அது ஒனக்குத் தெரியுமா?"

"அது குறித்துத் தகவல் இல்லை."

"எனக்கும் தெரியாது, போன மாசம் வரைக்கும். அவளே சொன்னா. எப்படிச் சொன்னா தெரியுமா? நான் கேட்டேன். என் பேர்ல நீ ஆய்வேடு எழுதினியே, எழுதுறதுக்கு முன்னால என்ட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமா, கூடாதா?"

"கேட்டிருந்தால் நீ ஒப்புக்கொண்டிருப்பாய்."

"ஆமா," என்றாள் வடிவு. "ஒப்புக்கொண்டிருப்பேன். அத இல்லன்னு சொல்ல நான் வரல. என் வாயால ஒப்புக்கொண்டிருப்பேன். இல்ல, ஒப்புக்கொள்ள வாயத் தொறக்கும்போது வேற ஏதாவது வந்திருக்கும். அந்த வாய்ப்பத்தான் எடுத்துட்ட."

செம்பியன் எழுந்தார். "கனம் நீதிபதி அவர்களே, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் தன்னையே மறுத்துப் பேசுகிறார். எதை நம்புவது?"

"மறுத்துப் பேசத்தான் வந்திருக்கேன்," என்றாள் வடிவு. "மனுசங்களுக்கு அந்த உரிமை இருக்கா இல்லையாங்கறதுதான் வழக்கே. நேத்து சொன்னத இன்னைக்கி மாத்திச் சொல்ல முடியாதவன் குடிமகன் இல்ல. அவன் வெறும் சரக்கு."

நீதிபதி பேனாவைக் கையில் எடுத்து, மறுபடி கீழே வைத்தார். "மிஸ்டர் செம்பியன், இந்த இசக்கியம்மாள் என்ன சொல்வாங்கன்னு உங்களுக்கு உறுதியாத் தெரியும். அப்படித்தானே?"

"உறுதியாக."

"அப்போ கேட்டுப் பாக்குறதுல நஷ்டம் ஒண்ணும் இல்லையே?"

செம்பியன் ஆட்சேபித்தார். ஒருவரைக் கேட்டால் எல்லோரையும் கேட்க வேண்டி வரும் என்றார். நீதிபதி அதைக் குறித்துக்கொண்டு இசக்கியைக் கூண்டுக்கு அழைத்தார்.

"இசக்கியம்மாள், உங்க ஊரைக் காலிபண்ணிட்டு, அரசு குடுக்குற இடத்துக்குப் போக உங்களுக்குச் சம்மதமா?"

இசக்கி கூண்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். வடிவுக்கு அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று தெரியாது. சொல்லிக்கொடுக்கவும் இல்லை. ஆமாம் என்று சொன்னாலும் சொல்லட்டும் என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைக்க அவளுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

"இல்லம்மா," என்றாள் இசக்கி. "சம்மதம் இல்ல."

செம்பியன் பாய்ந்தார். "இந்தம்மாவே தன் தோழியிடம் சம்மதம் என்று சொல்லியிருப்பதாக மனுவிலேயே இருக்கிறது. இது சொல்லிக்கொடுத்த பதில்."

நீதிபதி அவரைக் கையமர்த்தினார். "முந்தி சம்மதம்னு நெனச்சீங்க. இப்ப என்னம்மா மாறிச்சு?"

"நீங்க கேட்டீங்கல்லா, அதான்."

"புரியலையே."

"கேக்காதவரைக்கும், சரி, நடக்கது நடக்கட்டும்னு கெடந்தோம். யாரு நம்மட்ட கேக்கப் போறான்னு ஒரு எண்ணம். அப்ப எது வந்தாலும் சம்மதந்தான். நீங்க இப்ப என் மொகத்தப் பாத்துக் கேட்டீங்க பாத்தீங்களா, அப்பதான் யோசிக்கேன். கொழாய் தாரேங்காவ. எங்க? பக்கத்து வீட்டுல யாரு? எங்க வீட்டுக்காரரு மீன்பிடிக்கப் போற வள்ளத்த எந்தக் கரையில கட்டுவாரு? இதுக்கெல்லாம் பதில் சொல்லுங்க. அப்புறம் நான் யோசிச்சுச் சொல்லுதேன். அதுவரைக்கும் சம்மதம் இல்ல."

செம்பியன் ஒலிபெருக்கியைப் பார்த்தார். அதனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அதுவும் பேசவில்லை.

தீர்ப்பு அடுத்த மாதம் வந்தது. இடிப்பு உத்தரவு ரத்து. கீழவாடியில் ஒவ்வொருவரையும் நேரில் கேட்டுவிட்டுத்தான் அரசு மேற்கொண்டு நடக்க வேண்டும். வடிவு கேட்டுக்கொண்டபடியே அவளுடைய பட்டமும் ரத்தானது. உதவிப் பேராசிரியர் வேலைக்கான அழைப்பையும் பல்கலைக்கழகம் திரும்பப் பெற்றுக்கொண்டது. அம்மா ஒருவாரம் பேசவில்லை. லட்டு வாங்கியவர்களிடமெல்லாம் என்ன சொல்வது என்பதுதான் அவளுடைய கவலை.

ஊர்க்கூட்டம் ஒரே நாளில் முடியவில்லை. சண்டை வந்தது. நாற்காலி பறந்தது. பெரிய வாய் உள்ளவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். டூப்பு சொன்னது அந்த வகையில் சரிதான். ஆனால் சின்ன வாய்க்காரர்களும் கடைசியில் கத்தக் கற்றுக்கொண்டார்கள். வீடு கட்டி முடித்த பிறகுதான் இடிக்க வேண்டும், வள்ளம் கட்ட இடம் வேண்டும், ஒரு தெருக்காரர்கள் அங்கேயும் ஒரே தெருவில் இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக அதிகாரிகளிடம் வாங்கினார்கள். அதன் பிறகு கை தூக்கச் சொன்னபோது, பத்துக்கு ஒன்பது பேர் போகலாம் என்றார்கள்.

யோசித்துப் பார்த்ததில் ஊரை விட மனசு வரவில்லை என்று, இசக்கி கடைசிவரை வேண்டாம் என்றே கை தூக்கினாள். தோற்றாள்.

அரசு ஓர் அறிக்கை விட்டது. நிகர்மனத்தின் கணிப்பு சரியென்று நேரடிக் கருத்துக்கேட்பிலும் உறுதியாகிவிட்டது என்றது. அதை வாசித்துவிட்டு வடிவு கைப்பேசியைக் கட்டில்மேல் எறிந்தாள். இசக்கிக்குப் போன் போட்டாள்.

"பாத்தியாட்டி? நாம இவ்வளவு பாடுபட்டது அவங்களுக்கு சர்ட்டிபிகேட்டா போச்சு. நீயும் தோத்துட்ட."

"சவத்த விடு," என்றாள் இசக்கி. பின்னால் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. "அவிய என்னவும் எழுதிட்டுப் போறாவ. தோத்தாலும் நான் கை தூக்கித் தோத்தேன்லா? இப்ப எனக்கு முள்ளு ஒண்ணும் இல்ல. நீ என்ன செய்யப் போற?"

அந்தக் கேள்விக்கு வடிவிடம் பதில் இருந்தது. அதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

புதுக் கல்வியாண்டில் துறை மறுபடி ஆய்வு மாணவர்களைத் தேர்வு செய்தது. வடிவு விண்ணப்பித்தாள். நிகர்மனத்தைப் பயன்படுத்தச் சம்மதமா என்று கேட்ட இடத்தில் இல்லை என்று எழுதினாள். நேர்காணலுக்கு அழைப்பு வரவில்லை. ஆனால் நேர்காணல் யாருக்கும் திறந்ததுதான் என்று விதியில் இருந்தது. அந்த நாளில் போய்க் கதவைத் தட்டினாள்.

உள்ளே நீள மேஜைக்கு அந்தப் பக்கம் குழு உட்கார்ந்திருந்தது. நடுவில் அருமைநாயகம். மேஜைக்கு இந்தப் பக்கம் காலியாக இருந்தது. அவர் சங்கடத்தோடு எழுந்தார்.

"நீ வருவேன்னு எதிர்பாக்கலம்மா. உன் நிகர்மனத்துட்ட கேட்டோம். இவ்வளவு அவமானத்துக்கு அப்புறம் திரும்ப இந்தத் துறைக்கு வரமாட்டாள்னு சொல்லிச்சு. அதனால... நாற்காலி போடல."

"பரவாயில்ல சார்."

அவள் பக்கத்து வகுப்பறைக்குப் போனாள். இரும்பு நாற்காலி ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தாள். அது தரையில் உரசிய சத்தத்துக்குக் குழுவில் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டார். மேஜைக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்து, துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள்.

அருமைநாயகம் எதிரில் நிகர்மனம் ஓடிக்கொண்டிருந்த திரையை அணைத்தார். மற்றவர்கள் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆய்வுத் தலைப்பு?" என்றார்.

"கேட்கப்படும் உரிமை."

"எந்த முடிவுக்கு வருவீங்கன்னு எதிர்பாக்குறீங்க?"

முப்பது வருடத்தில் அவர் எந்த மாணவரையும் 'நீங்க' என்று சொன்னதில்லை. வடிவு அதைக் கவனித்தாள்.

"வந்து... எனக்கே தெரியாது சார்," என்றாள். "எழுதிப் பாத்துட்டுச் சொல்லுதேன்."